மரபு வேகத்தில் ஒரு குடைப் பாட்டு

"சித்தி, உன் பாட்டை எவனோ செத்துப்போன ஆம்பளை பாடுறான்."

கண்ணாடிக் கடைக்காரி அப்போது ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகச் செருகிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தப் பாட்டுடி?"

"உனக்கென்ன கூடை கூடையாவா இருக்கு? இருக்கிறது ஒண்ணுதானே. அதான்."

வந்தவள் அக்கா மகள். ஊராருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, எங்கே நின்றாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். இப்போதும் அழுத்திக்கொண்டிருந்தது.

"கார் வானொலியில வந்துச்சு. ஓட்டிக்கிட்டிருந்த பொண்ணு அழுது வண்டியை நடைபாதையில ஏத்திட்டா. பதிவு பண்ணி வச்சிருக்கேன், கேளு."

போனிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கட்டைக் குரல் வந்தது. "கு...டை...யை... ம...றந்...த...வனே..." என்று இழுத்தது. பின்னால் ஒரு கிதார் முடியாமல் படுத்திருப்பவர் புரண்டு படுப்பது போல அசைந்தது. பிறகு அறிவிப்பாளர் வந்தார். பெயர் தெரியாத அந்த மாமனிதர் உயிர் பிரியும் தறுவாயில் பாடிய பாட்டு இது என்பதை ஒலி மரபுக் காப்பகம் ஆய்ந்து உறுதி செய்திருக்கிறது என்றார். முடிவில் மரணமே நேரில் வந்து ஒரு கேள்வி கேட்கிறதாம். பதிலுக்குப் பாடகர் கடைசியாக முனகுகிறாராம். "நேயர்களின் இதய நலன் கருதி அந்தப் பகுதியை நாங்கள் ஒலிபரப்புவதில்லை. அது காப்பகத்தின் அரங்கில் மட்டுமே ஒலிக்கும்."

சோதனைச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த வாடிக்கையாளர் கண்ணைத் துடைக்கப் பார்த்தார். வில்லைகள் தடுத்தன. "ரொம்ப உருக்கமா இருக்குங்க" என்றார்.

"இப்பக் கேளுங்க சார்" என்று அக்கா மகள் போனில் வேகத்தைக் கூட்டினாள்.

படுத்திருந்த கிதார் துள்ளி எழுந்தது. கட்டைக் குரல் ஒரு இளம்பெண்ணின் குரலாகிக் கடை முழுக்கக் குதித்தது.

*குடையை மறந்தவனே, குடையை எடுத்துட்டுப் போ,*
*மழையே வரலை, சாக்கு வேணாம், மடக்கி எடுத்துட்டுப் போ!*

கண்ணாடிக் கடைக்காரி கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தாள். "அது நான்தான்டி" என்றாள், வேறு யாரையோ காட்டிக்கொடுப்பது போல.

அவள் சின்ன வயதில் கிதார் வைத்திருந்தாள். நடவு நடுகிறவர்கள் பாடுகிற மாதிரி ஒரு மெட்டைக் கிதாரில் ஏற்றி, பின்னால் டிரம் தட்டினால் அதற்கு 'ஃபோக் ராக்' என்று பெயர் வைத்த காலம் அது. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு போட்டாள். யாரும் வாங்கவில்லை. விற்காத தட்டுகளைக் கம்பெனிக்காரர்கள் உருக்கி வாளி செய்துவிட்டார்கள் என்று பிறகு தெரியவந்தது. வீட்டில் இருந்த ஒரு தட்டும் வீடு மாற்றும்போது இரும்பு அலமாரிக்கு அடியில் போய் நொறுங்கியது. அதோடு அவள் கண்ணாடி விற்கப் போய்விட்டாள்.

"சின்னத் தட்டை வேகமா ஓட விடணும். பெரிய தட்டுதான் மெதுவா ஓடும். வாளியாகாமத் தப்பின தட்டு ஒண்ணு இவங்க கைக்குப் போயிருக்கு, அதை மெதுவா ஓட விட்டிருக்காங்க. அதான் நான் ஆம்பளையாயிட்டேன்."

"சரி, செத்தது?"

"அது அவங்களா செஞ்சது."

"அப்ப அந்த முனகல்?"

கண்ணாடிக் கடைக்காரி வாடிக்கையாளரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது முனகல் இல்லடி. உங்கம்மா சிரிச்சது."

அந்தக் கதை அக்கா மகளுக்குத் தெரியும். அவள் அப்பா மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். வந்த வீட்டில் குடையை வைத்துவிட்டுப் போவார். மறுநாள் குடையைக் கேட்டுக்கொண்டு வருவார். அக்கா எடுத்துக் கொடுப்பாள். கோடைக்காலம் முழுக்க இது நடந்தது. தங்கை எரிச்சலில் ஒரு பாட்டுக் கட்டினாள். பதிவு நாளன்று அக்கா ஸ்டூடியோவின் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு மீட்டர்காரர் தலையை நீட்டினார். "ஏங்க, என் குடை இங்க இருக்கா?" அக்கா சிரித்துவிட்டாள். மறுபடி பாட ஸ்டூடியோ நேரம் இல்லை. கேள்வியும் சிரிப்புமாகவே தட்டு அச்சானது.

மீட்டர்காரரை அக்கா கட்டிக்கொண்டாள். பெண் பிறந்து தவழத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

"நான் அவளை மாதிரியே சிரிக்கிறேன்னு எல்லாரும் சொல்றீங்க" என்றாள் அக்கா மகள். "நான் எதை வச்சு ஒத்துப் பார்க்கிறது? ஒரே ஒரு தடவை, சரியான வேகத்துல, எங்கம்மா சிரிப்பை நான் கேட்கணும் சித்தி. வேற எதுவும் வேணாம்."

"அதுக்கென்ன, போய்க் கேட்டா போட்டுக் காட்டப்போறாங்க" என்றாள் சித்தி. அதுவரை எந்தக் காப்பகத்துக்கும் போகாத மனுஷி.

ஒலி மரபுக் காப்பகம் பெரிய கட்டடம். ஒலியைக் காப்பதற்காக உள்ளே யாரும் சத்தம் போடக் கூடாது. வாசலில் காவலாளி பூட்டுப் போட்ட பெட்டியோடு நின்றார்.

"போ...ன். கே...மரா. கு...டை."

"குடை எதுக்குங்க?" என்றாள் கண்ணாடிக் கடைக்காரி.

"குடை இங்க மரபுப் பொ...ருள். வெளிக் குடை உள்ள போனா கலந்துடும்."

"இவருக்கு என்ன ஆச்சு, பேட்டரி தீர்ந்துபோச்சா?" என்று அக்கா மகள் காதைக் கடித்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. அங்கே பதவி உயர்வு பேச்சு வேகத்தைப் பொறுத்தது என்பது மாடிக்குப் போனபிறகுதான் புரிந்தது. துணை இயக்குநர் காவலாளியைவிட மெதுவாகப் பேசினார். அவர் "உட்காருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகம் துடைத்து, மேசையில் இருந்த தண்ணீரையும் குடித்துவிட்டார்கள். அவர் பேச்சை அவர் வேகத்திலேயே எழுதினால் காகிதம் கட்டுப்படியாகாது. வாசகர்கள் இழுத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

"பாடகருக்கு நீங்க சொந்தமா?"

"நான்தாங்க பாடினது."

"அப்படியா. இறந்த வருஷம்?"

"இன்னும் இல்லைங்க."

துணை இயக்குநர் அனுதாபத்தோடு பார்த்தார். "அப்பச் சிரமம்மா. எங்ககிட்ட இருக்கிறது ரெண்டு பிரிவு. ஒண்ணு மறைந்தவர்கள், இன்னொண்ணு பெயர் தெரியாதவர்கள். இவர் ரெண்டுலயும் இருக்கார். நீங்க ஒண்ணுலயும் இல்லை."

"தட்டுல நடுவுல என் பேரு போட்டிருக்குமே."

"பெயர் இருக்கிற இடத்துலதான் எங்க வரிசை எண் சீட்டை ஒட்டியிருக்கோம்."

"உரிச்சுப் பாருங்களேன்."

"காப்பகச் சொத்தைக் காப்பகமே சேதப்படுத்தணுமா?" அவர் முகத்தில் நிஜமான வலி தெரிந்தது.

"எனக்குப் பேரெல்லாம் வேணாம் சார்" என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. "நீங்க ஆம்பளைன்னே வச்சுக்கங்க. செத்துட்டதாவே வச்சுக்கங்க. கடைசி வரியை மட்டும் ஒரு தடவை வேகமா ஓட விடுங்க. இவ அம்மா அதுல சிரிக்கிறா. இவ கேட்டதே இல்லை. கேட்டுட்டுப் பேசாமப் போயிடுறோம்."

அவர் எழுந்து அவர்களை ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் கூட்டிப்போனார். உள்ளே இசைத்தட்டுக் கருவி. அதில் வேகம் மாற்றும் குமிழின் மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தது.

"எங்க முதல் இயக்குநர் ஆற்றிய தொடக்கவுரையைத் தட்டாக்கி வச்சிருந்தோம். அமைச்சர் வந்தப்ப யாரோ தப்பு வேகத்துல போட்டுட்டாங்க. இயக்குநர் சுண்டெலி மாதிரி கீச்சுக் கீச்சுன்னார். அமைச்சர் சிரிச்சுட்டார். அன்னைக்குச் சாயந்திரமே உத்தரவு வந்துச்சு. இந்தக் கட்டடத்துல எந்தத் தட்டும் மெதுவாத்தான் சுத்தணும். அதுக்குப் பேர் மரபு வேகம்."

"அது பெரிய தட்டு சார், மெதுவா ஓடணும், சரிதான். இது சின்னத் தட்டு..."

"இங்க சின்னது பெருசுன்னு பாகுபாடு கிடையாதும்மா" என்றார் துணை இயக்குநர், பெருமையாக.

இருந்தாலும் குடிமக்கள் குறையைக் கேட்பது அவர்கள் கடமையாம். குரல் ஒப்பீட்டுக் குழு கூடியது. குழுவில் மூன்று பேர், மூன்று பேரும் துணை இயக்குநரின் மாணவர்கள். கண்ணாடிக் கடைக்காரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாளைய மூச்சு இல்லாவிட்டாலும், பாடிக் காட்டினாள்.

"வேகமா இருக்கு" என்றார் ஒருவர்.

"அந்தப் பாட்டே அப்படித்தாங்க."

"மூலம் மெதுவா இருக்கே. மெதுவாப் பாடுங்க."

இழுத்துப் பாடினாள்.

"மெதுவாத்தான் இருக்கு. ஆனா பொம்பளைக் குரல்."

"நான் பொம்பளைதானேங்க."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் இன்னொருவர், விவகாரம் தீர்ந்த நிம்மதியோடு.

மூன்றாமவர் அந்தப் பாட்டுக்காகவே முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "பாட்டுல வர்ற குடை மனித உடலைக் குறிக்குதுன்னு நான் நிறுவியிருக்கேன். நீங்கதான் எழுதினீங்கன்னா, குடை எதைக் குறிக்குது?"

"குடையைத்தாங்க. கறுப்புக் குடை. பிடி கொஞ்சம் விட்டுப்போயிருக்கும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலப் படைப்பாளிக்கு இவ்வளவு மேலோட்டமான பார்வை இருக்க வழியில்லை என்று ஒருமனதாக முடிவானது. பாடகரின் குரலை ஓரளவு நன்றாகவே நகல் செய்யும் ரசிகை என்று ஒரு ஊக்கச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

"சித்தி, உன்னை மாதிரி பாடுறதுக்கு உனக்கு ஆறுதல் பரிசு!" என்றாள் அக்கா மகள். வலது கால் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தது. "இங்க பெரிய ஆள் யாரு? அவரையே கேட்போம்."

இயக்குநர் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, இவ்வளவு நேரம் யாரும் பேசாத மாதிரி, சாதாரண வேகத்தில் பேசினார்.

"நீங்கதான் பாடினீங்க. எனக்குத் தெரியும்."

அக்கா மகளின் வலது கால் தரையை அழுத்துவதை நிறுத்தியது.

"வந்த முதல் வாரமே தட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வேகமாப் போட்டுக் கேட்டேன். ஒரு பொண்ணு குடையைப் பத்திக் கிண்டல் பண்ணுது. கடைசியில யாரோ கிளுகிளுன்னு சிரிக்கிறாங்க. உடனே நிறுத்தி உறைக்குள்ள போட்டுட்டேன்."

"ஏன் சார்?"

"ஏனா? வேகமாப் போட்டா அது என்னம்மா? ஒரு குடைப் பாட்டு. மெதுவாப் போட்டா அதுதான் காப்பகம். இந்தக் கட்டடத்துல மேல் மாடி அந்த மெதுவுலதான் கட்டினது. அந்த முனகலுக்குன்னே தனித் துறை இருக்கு, துறைக்குத் தலைவர் இருக்கார், தலைவருக்கு வண்டி இருக்கு. அடுத்த வாரம் சிலை திறக்கிறோம். சிலைக்கு மீசை வச்சாச்சு. இப்பப் போய் மீசையைச் செதுக்கச் சொல்றீங்களா?"

"மீசை இருந்துட்டுப் போகுது சார். இந்தப் பொண்ணு அவ அம்மா சிரிப்பை..."

"உங்களுக்கு அது சிரிப்பு. நாட்டுல மத்த எல்லாருக்கும் அது முனகல். நான் மக்கள் பக்கம் நிற்கிறவன்." மணியை அடித்தார். "ஏம்மா, நீ சின்னப் பொண்ணு. உனக்கு அம்மா இல்லைங்கிறது வருத்தம்தான். ஆனா ஒரு நாட்டோட துக்கத்தை ஒருத்தியோட சந்தோஷத்துக்காகக் கலைக்க முடியுமா? இனிமே நீங்கதான் பாடினீங்கன்னு வெளியில பேசினா அது மரபுச் சேதம். சட்டத்துல அதுக்கு இடம் வச்சிருக்கோம். விழாவுக்கு வாங்க. ரசிகைகள் வரிசையில உட்கார வைக்கிறேன். முனகலை முழுசாக் கேட்டுட்டு அழுதுட்டுப் போங்க."

கதவு திறந்து ஆள் வந்ததும், அவர் மறுபடி "வ...ணக்...கம்" என்றார்.

வீட்டில் மீட்டர்காரர் எல்லாவற்றையும் கேட்டார். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியிருந்தது. மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்துபோய் வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு வருவார். இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"போகாதீங்க. அவளை முனக வச்சிருக்கானுங்க. அதை எதுக்குப் போய்க் கேட்கணும்?"

"மெதுவாக் கேட்டாலும் அது எங்கம்மாதானேப்பா" என்றாள் மகள்.

அவர் மறுபடி மீட்டரைப் பார்க்கப் போனார். ஆனால் விழா நாளன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் குடையோடு, இவர்களுக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

"எதுக்கு அத்தான் குடை?"

"இருக்கட்டும்."

வாசலில் காவலாளி போன்களையும் குடையையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார்.

அரங்கு நிறைந்திருந்தது. மேடையில் சிலை. மீசை வைத்த மெலிந்த ஆள், மடக்கிய குடையை மார்போடு அணைத்து, கூரையைப் பார்த்துச் சாகிறார். காப்பகப் பதிவுக்காக நாலு பக்கமும் மைக் நிறுத்தியிருந்தார்கள். இயக்குநர் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம், பலர் போட்டார்கள்.

"இவர் யார்? தெரியாது. எங்கே பிறந்தார்? தெரியாது. தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தது நம் காப்பகம். தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்காவது வந்தால், அதைத் தடுத்து நிறுத்துவதே நம் தலையாய பணி."

கைதட்டல் கேட்டது. தட்டு சுழன்றது. கட்டைக் குரல் குடையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நெடுநேரம் மன்றாடியது. கண்ணாடிக் கடைக்காரி மடியில் விரல்களை நெரித்துக்கொண்டு, தன் இளம்வயது இப்படி நொண்டி நொண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீட்டர்காரர் நெளிந்தார். பாட்டு முடியப்போகிற இடத்தில் சட்டென்று எழுந்தார்.

"அத்தான், எங்க?"

"என்னால முடியலைம்மா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவை நோக்கி நடந்தார்.

"எல்லோரும் எழுந்து தலைகுனியுங்கள்" என்றார் இயக்குநர். "மரணம் கேட்கிறது."

அரங்கு எழுந்து தலைகுனிந்தது. ஒலிபெருக்கியில் பூமிக்கு அடியிலிருந்து வருவது போல ஒரு குரல்.

"ஏ...ங்க... எ...ன்... கு...டை... இ...ங்...க..."

முன்வரிசையில் ஒரு அம்மாள் மயங்கினாள். அதன்பின் அந்த முனகல் வந்தது. "ஹா... ஹா... ஹா..." என்று பழைய கதவு காற்றில் ஆடுவது போல நீண்டு தேய்ந்தது. அக்கா மகள் கண்ணை இறுக மூடி, அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினாள். யாரும் இல்லை. அவள் முகம் கோணியது. சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தட்டு நின்றது. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அப்போது பின்பக்கக் கதவருகே, காவலாளியிடம், ஒரு கிழவர் மெல்லிய குரலில் கேட்டது நாலு மைக்கிலும் தெளிவாக விழுந்தது.

"ஏங்க, என் குடை இங்க இருக்கா?"

அக்கா மகள் கண்ணைத் திறந்தாள். குனிந்திருந்த தலைகளைப் பார்த்தாள். சிலையைப் பார்த்தாள். வாசலில் சலவைச் சட்டையோடு நின்ற மரணத்தைப் பார்த்தாள். முதலில் மூக்கில்தான் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒரு தாவு தாவி, மேலே போய் மூன்று துண்டாக உடைந்து சிதறியது அந்தச் சிரிப்பு.

கண்ணாடிக் கடைக்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கதவருகே மீட்டர்காரர் அசையாமல் நின்றார்.

"அதேதான்டி" என்றாள் சித்தி. "அந்த மூணாவது துண்டுகூட. ஐயோ, அதேதான்டி."

"வெளியே தள்ளுங்க அந்தப் பொண்ணை!" என்று இயக்குநர் கத்தினார். அவசரத்தில் சாதாரண வேகத்தில் கத்திவிட்டார். மேடையில் அவருக்கு நாலைந்து வருஷப் பதவி உயர்வு அந்த நிமிஷமே போயிற்று.

துணை இயக்குநர் பதறவில்லை. ஓடிப்போய், அதாவது காப்பக அளவில் ஓடிப்போய், ஒலிப்பதிவுக்காரரிடம் ஏதோ சொன்னார். நடந்ததெல்லாம் பதிவாகியிருந்தது. காப்பக விதிப்படி அதையும் மரபு வேகத்தில்தான் போட வேண்டும், போட்டார்கள். ஒலிபெருக்கியில் மரணம் இரண்டாம் முறையாகக் குடை கேட்டது. இரண்டாம் முறையாக ஒரு முனகல் எழுந்து தேய்ந்தது.

அரங்கு அப்படியே மண்டியிட்டது. பாடகரின் சிலை திறப்புக்கு மரணமே நேரில் வந்துவிட்டதாக முனைவர் பட்டம் வாங்கியவர் விம்மினார். இயக்குநர் சுதாரித்துக்கொண்டு, அழைப்பை ஏற்று வந்த மரணத்துக்கு நன்றி தெரிவித்து, இரண்டாம் முனகலுக்கும் ஒரு துறை தொடங்கப்படும் என்று அறிவித்தார்.

முனகியவளையும் மரணத்தையும் கண்ணாடிக் கடைக்காரியையும் காவலாளிகள் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா மகள் காரைக் கிளப்பினாள். இன்னும் விட்டு விட்டுச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னிருக்கையில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டார்கள். தெருமுனை திரும்பியபோதுதான் கண்ணாடிக் கடைக்காரி கவனித்தாள்.

"அத்தான், குடை எங்க?"

"அங்கயே இருக்கு."

"அதைத்தானே போய்க் கேட்டீங்க? காவலாளி கொடுக்கலையா?"

"கொடுத்தான்."

"அப்புறம்?"

"பெட்டி மேலேயே வச்சிட்டேன்."

அக்கா மகள் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள்.

"மறந்து வச்சீங்களாப்பா, தெரிஞ்சே வச்சீங்களா?"

மீட்டர்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, பளபளவென்று வெளுத்துக் கிடந்த வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்கு மழை வரும்போல இருக்கு" என்றார். "ஒரு நடை வந்து எடுத்துட்டுப் போகணும்."